வெயிலில் வைத்த பதினோரு புத்தகங்கள்

அன்புள்ள பாஸ்கருக்கு,

போன ஞாயிறு நீ போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அப்பா, அந்த காமிக்ஸ் புத்தகங்கள நீங்க சுத்தம் கித்தம் எதுவும் பண்ணலையே?" நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், "சும்மா தூசி தட்டினேன், அம்புட்டுதான்" என்றேன். அது பொய். யோசிக்காமல் வந்ததை வைத்தே நீ கண்டுபிடித்திருக்கலாம். உண்மை பேசுவதற்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இந்தப் பொய்யைத் திருத்த நான்கு நாள் பிடித்திருக்கிறது. இன்னொன்றுக்கு முப்பது வருஷம் பிடித்திருக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் அதைச் சாக்காக வைத்து நிறுத்திவிடுவேன். காகிதம் சரி என்று சொல்லாது.

நான் முழுநீளத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்து உன் அம்மா, நகராட்சிக்கு மனு எழுதுகிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். "அந்த வாறுகாலப் பத்தியும் ரெண்டு வரி சேத்து எழுதுங்க. மூணு மாசமா சாக்கடத் தண்ணி அடைச்சுக் கெடக்கு" என்றாள். இது பாஸ்கருக்கு என்றேன். "அவனுக்கு எதுக்குக் கடுதாசி? கையில போன வச்சிக்கிட்டு?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் நான் இதில் திரும்ப எழுதுவேன். பொறுத்துக்கொள். வரிசையாக எழுதினால்தான் நடுவில் எதையும் தாண்டிக் குதிக்க முடியாது. தாண்டிக் குதிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

நீ அனுப்பச் சொன்னவை பதினோரு இதழ்கள். உன் எட்டு வயதில் நீயும், உன் பதினைந்து வயது அண்ணன் ரவியும் சேர்ந்து வாங்கிச் சேர்த்தவை. கோயம்புத்தூரில் உன் வீட்டில் ஆயிரத்துக்கு மேல் காமிக்ஸ் வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், உறைக்குள் ஒரு அட்டையோடு, என்னைவிட நல்ல உடையில் இருக்கின்றன. ஆனால் இந்தப் பதினொன்றை மட்டும் இத்தனை வருஷமாக நீ கேட்டதில்லை. ராஜபாளையத்துக்கு வரும்போதெல்லாம் பரணில் அந்தத் தகரப்பெட்டி இருக்கிறதா என்று ஏறிட்டுப் பார்ப்பாய். இறக்கமாட்டாய். போன மாதம் திடீரென்று, வெளிநாட்டில் ஒரு நிறுவனம் இருக்கிறது, அவர்கள் பக்கம் பக்கமாகப் பார்த்து மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரை போட்டுத் தருவார்கள், பிறகு யாரும் திறக்க முடியாது, திறந்தால் மதிப்பெண் செல்லாது என்றாய். படிக்கவே முடியாதபடி செய்துவிட்டு மதிப்பெண் கொடுப்பது நம் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதில்லை என்பதால் நானும் ஆச்சரியப்படவில்லை. அவர்களுடைய படிவத்தில் ஒன்பதாவது கேள்வியை மட்டும் நீ எனக்குத் தமிழில் சொன்னாய்: இந்தப் பிரதியில் ஏதாவது சீரமைப்பு நடந்திருக்கிறதா? "அதனால நீங்க தொடவே தொடாதீங்கப்பா. அப்படியே பெட்டியோட பார்சல் போட்டுருங்க." நான் தொட்டேன். தொட்டது மட்டுமில்லை.

அதற்கு முந்தின வாரம் நம் மருமகள் சுதா உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியது உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று சுதாவும் கேட்டுக்கொண்டாள். அந்த வாக்கை இப்போது நான் மீறுகிறேன், அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. பேத்தி நிலாவுக்குக் காய்ச்சல் வந்து கழுத்தில் நாலு சிவப்புப் புள்ளி தெரிந்த அன்று, நீ குழந்தையின் அறையில் இருந்த புத்தகங்களையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளி மாடிக்குக் கொண்டுபோனாயாம். டாக்டர் வேர்க்குரு என்று சொன்ன பிறகும் இரண்டு நாள் கொண்டுவந்து தரவில்லையாம். "அத்தை, அவ கதை படிச்சுச் சொல்லுங்கன்னு அழுவுறா, இவரு வாசல்லயே நிக்கிறாரு. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டே இருக்காரு. ஏன் அத்தை இப்படி?" என்று கேட்டாள். உன் அம்மா, "அவனுக்குச் சின்னதுலருந்தே பயந்த சுபாவம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம், "அவன் இன்னும் அதையே நெனச்சிட்டிருக்கான், பாத்தியளா?" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

அது என்ன என்பதை இப்போது எழுதுகிறேன். முதலில் உனக்குத்தான் அம்மை போட்டது. பங்குனி மாதம். வாசலில் வேப்பிலை சொருகி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, உன்னை உள் அறையில் படுக்கவைத்து, அரிப்புக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள் உன் அம்மா. நீ காமிக்ஸ் இல்லாமல் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாய். மஞ்சள் பூசிய கையோடு பதினோரு புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் படித்தாய். பக்கம் திருப்பிய இடத்திலெல்லாம் உன் கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்தது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி நீ எழுந்து ஓடியாட ஆரம்பித்த சில நாளில் ரவிக்குக் கண்டது. உனக்கு வந்ததைப் போல் விளையாட்டாக வந்து போகவில்லை. பதினைந்து வயதில் அது கடுமையாக வரும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நெஞ்சில் இறங்கிவிட்டது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் திரும்பி வந்தோம்.

பதினாறு நாள் காரியத்துக்கு வந்திருந்த உன் பெரியம்மா, கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போது சொன்னாள்: "அம்மை கண்ட பிள்ள தொட்டதெல்லாம் கொளுத்திப் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். யாரு கேட்டா? சின்னவன் அந்தப் பொஸ்தகத்தக் கொண்டு அவன் கையில குடுத்திருக்கான். பொஸ்தகத்துலதான் ஏறியிருக்கு." நீ அப்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்தது அதுதான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மில் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை மூடநம்பிக்கைக்கு எதிராக மைக் பிடித்துப் பேசுகிறவன் நான். அன்று மைக் இல்லாததாலோ என்னவோ, ஒன்றும் பேசவில்லை. உன் கை என் சட்டையை விட்டது. அது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நீ யாருக்கும் எதையும் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டாலும் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாய். நாங்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம். அப்படி நினைப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஆகவே, சுதா பேசிய மறுவாரம் நீ அந்தப் பதினொன்றையும் திறக்க முடியாத பெட்டியில் வைத்து மூடப்போகிறேன் என்றபோது, எனக்கு மதிப்பெண்ணில் நம்பிக்கை வரவில்லை. நீ எதை மூடப் பார்க்கிறாய் என்று புரிந்தது. பெட்டியை இறக்கித் திறந்தேன். முப்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த மஞ்சள் விரல்கள் அப்படியே இருந்தன. கெட்டிக்காரத் துப்பறிவாளன் எதிரியைத் துரத்துகிற பக்கத்தில், குதிரை பாய்கிற பக்கத்தில், கடைசிப் பக்கத்தின் ஓரத்தில். சின்னச் சின்னதாக. எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பதுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். இவற்றை முத்திரை போட்டு மூடினால், நீ சாகிறவரை அலமாரியில் உன் விரல்கள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த மஞ்சளை எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. நான் என்ன வேலை பார்த்தவன்?

மில்லில் பேண்டேஜ் துணியைச் சலவை செய்து வெளுக்கிற பிரிவில் முப்பத்தெட்டு வருஷம். நாட்டில் எங்கே யாருக்கு அடிபட்டாலும் கட்டுவதற்கு நம் ஊர்ப் பக்கத்துத் துணிதான் போகிறது. யாருக்கு அடிபட்டது, யார் அடித்தது என்று நாங்கள் விசாரிப்பதில்லை, வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். தறியிலிருந்து பழுப்பாக வருகிற துணியைக் கொதிக்கவைத்து, மருந்து கொடுத்து, அலசி, ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் விரித்துக் காயப்போட்டால் கண் கூசும். மஞ்சள் கறைக்கு மருந்துகூட வேண்டாம். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. இது எங்கள் பிரிவில் சேர்ந்து ஒரு வாரமானவனுக்கும் தெரியும். உன் அம்மா வத்திராயிருப்புக்கு அவளுடைய சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த மூன்று நாளும் எனக்குச் சரியாக அமைந்தன. மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, பதினோரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் பிரித்து, காற்றில் புரளாமல் கூழாங்கல் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் திருப்பினேன். இடையிடையே நல்ல பஞ்சால் ஒற்றி எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, வத்தல் போட்ருக்கியளா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அன்றைய கணக்கில் அது முதல் பொய்.

மூன்றாம் நாள் மஞ்சள் போய்விட்டது. முழுமையாக. நான் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், மஞ்சள் விரல் இருந்த இடம் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது விளங்கியது. பக்கம் முழுக்கவே அந்த நிறத்துக்கு வந்திருந்தது. பருத்தி வெயிலில் வெளுக்கும். செய்தித்தாள் காகிதம் வெயிலில் பழுக்கும். தினமும் காலையில் பேப்பர் படிக்கிறவன், நேற்றைய பேப்பர் ஜன்னலோரம் கிடந்து என்னவாகிறது என்று ஆயுள் முழுக்கப் பார்த்தவன், அந்த மூன்று நாளும் அதை நினைக்கவே இல்லை. என் கைக்குத் துணிதான் தெரியும். விளிம்பைத் தொட்டால் அப்பளம் மாதிரி ஒடிந்தது. இருபது முப்பது வருஷத்தில் வரவேண்டிய முதுமையை மூன்று நாளில் வரவழைத்திருந்தேன்.

படிவத்தின் அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று தெரியாமல், நீ போன் செய்வதற்கு முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்ற சங்கரலிங்கம் என்பவர் வீட்டு மாடியில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கூடுவார்கள் என்று நீதான் ஒருமுறை சொல்லியிருக்கிறாய். போனால் ஆறு பேர். எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல். ஒருவர் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்திருந்தார், ஒருவர் ஹார்ட் ஆபரேஷன் ஆனவர். நான் யாரென்று சொல்லாமல், பொதுவாகத் தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டேன்: புத்தகத்தைச் சுத்தம் செய்வது சீரமைப்பு ஆகுமா, ஆகாதா? தேன்கூட்டில் கல்லெறிந்தது போல் ஆயிற்று.

"ஒண்ண சேத்தா ரெஸ்டோரேஷன். ஒண்ண எடுத்தா கிளீனிங். இதுல என்ன சந்தேகம்?" என்றார் தளவாய்புரத்திலிருந்து வந்த ஒருவர். "கிழிஞ்ச எடத்துல ஒட்டுப் போட்டா, மங்குன எடத்துல கலர் குடுத்தா அது குத்தம். அழுக்க எடுக்குறது எப்படிங்க குத்தமாவும்?"

"அழுக்குன்னு நீரு சொல்லுதீரு. ஓய், அந்தக் கறையும் புத்தகத்துக்கு வயசுதானே? அத எடுத்துட்டா இருபது வயசு கொறச்சுச் சொல்லுத மாதிரி" என்றார் ஹார்ட் ஆபரேஷன்காரர்.

"அப்பம் நீரு ஏன் தலைக்கு மை பூசியிருக்கீரு?"

"அது சேத்தது. ரெஸ்டோரேஷன். நான் ஒத்துக்கிடுதேன்ல?"

பேரனை விட்டுவிட்டு வந்தவர், கோபுரத்துக்கு மேல் வெள்ளையடிக்கிறதும் வண்ணம் பூசுகிறதும் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டார். ஜன்னல் வழியாகத் தெரிகிற கோபுரத்தை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். சாமி சமாச்சாரம் இதில் வேண்டாம் என்று தீர்மானித்து மறுபடியும் காமிக்ஸுக்கு வந்தார்கள். பிரஷ்ஷால் தூசி தட்டலாம் என்பதில் ஆறு பேருக்கும் சம்மதம். ரப்பர் போடலாமா என்பதில் மூன்றுக்கு மூன்று. தண்ணீர் என்று ஒருவர் சொன்னதும் தளவாய்புரத்துக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நாட்டில் எத்தனையோ சபைகளில் எத்தனையோ பெரிய விஷயங்களை இதைவிடக் குறைந்த அக்கறையோடு தீர்மானித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

சங்கரலிங்கம் என் மஞ்சள் பையைப் பார்த்தார். நான் மாதிரிக்கு என்று அதில் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஓரத்தை ஒரு விரலால் தடவினார். "வெயில்ல போட்டியளா?" என்றார்.

"ஆமா."

"எம்புட்டு நாளு?"

"மூணு."

"ஐயையோ" என்றார் தளவாய்புரத்துக்காரர். பிணத்தைப் பார்த்தவர் போல எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன கறை இருந்துச்சு?" என்றார் சங்கரலிங்கம்.

மஞ்சள் என்றேன். எந்த மஞ்சள் என்றார். அம்மை போட்ட பிள்ளை விரல் என்றேன். தளவாய்புரத்துக்காரர் திரும்ப உட்கார்ந்தார். அந்த ஆறு பேருக்கும் அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் புத்தகம் படித்த வயது ஒன்று இருந்திருக்குமல்லவா. சங்கரலிங்கம் புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "சார், என்கிட்ட இருக்கிறதுலயும் எண்ணெ பட்டது, சோறு பட்டது எல்லாம் இருக்கு. நான் தொடுறதில்ல. தொட்டவனையும் வையறதில்ல. ஆனா ஒண்ணு. பிள்ள விரலு இருந்துச்சுன்னு சொல்லுதிய. இப்பம் இல்ல. இத வாங்குறவன்கிட்ட என்ன சொல்லுவிய?" வாங்குகிறவன் யாருமில்லை, அந்தப் பிள்ளைக்கே அனுப்பப்போகிறேன் என்றேன். "அப்பம் சொல்லித்தான் ஆவணும்" என்றார். பக்கத்திலிருந்தவர் மெல்ல, "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் யோசித்தது உன் படிவத்தைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள். சேர்த்தால் சீரமைப்பு, எடுத்தால் சுத்தம் என்ற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. நான் எதையும் சேர்க்கவில்லை. ஒரு பொட்டு மை, ஒரு துளிப் பசை கிடையாது. எடுக்க மட்டுமே செய்தேன். ஆனால் எடுத்தது எதற்கு? அந்தப் பங்குனிக்கு முன்னால் அந்தப் புத்தகங்கள் எப்படி இருந்தனவோ அப்படி ஆக்குவதற்கு. உன்னை அந்தப் பங்குனிக்கு முன்னால் இருந்த பையனாக ஆக்குவதற்கு. அதற்குப் பெயர் சுத்தம் இல்லை. ஆகவே ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுது. யார் செய்தது என்று கேட்டால் என் பெயரை எழுது. எந்த முறையில் என்று கேட்டால் வெயில் என்று எழுது. அவர்கள் எத்தனை மதிப்பெண் போட்டாலும் போடட்டும். அல்லது நீ அனுப்பவே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரி. இத்துடன் பதினொன்றையும் பார்சலில் வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது மெதுவாகப் பிரி, உதிரும்.

இரண்டு என்று சொல்லி உட்கார்ந்தவன், ஒன்றோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் முந்தாநாள் இருந்தேன். முடித்துக் கையெழுத்தும் போட்டேன். பிறகு படித்துப் பார்த்தால், இதுவும் வெயிலில் போட்ட வேலைதான் என்று தெரிந்தது. ஒரு தப்பை ஒத்துக்கொண்டு அதற்குப் பின்னால் பெரிய தப்பை ஒளித்துவைத்திருக்கிறேன். மஞ்சளை எடுத்து என்ன பயன்? உன் மனதில் இருப்பதை எடுக்க என்னிடம் வேறொன்று இருந்தது. முப்பது வருஷமாக என் கையில் இருந்தது. அதைக் கொடுக்காமல்தான் புத்தகங்களை வெயிலில் காயப்போட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில், ரவி போன அன்று காலையில், வராந்தாவில் வைத்து அந்த டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். வயதில் சின்னவர், ராத்திரியெல்லாம் விழித்திருந்த கண். "டாக்டர், இவனுக்கு முன்னாடி தம்பிக்குப் போட்டிருந்துச்சு. அவன் படிச்ச புத்தகத்த இவன் வாங்கிப் படிச்சான். அதுலருந்து வந்திருக்குமா?" என்று கேட்டேன். உன் பெரியம்மா கூடத்தில் சொல்வதற்கு முன்பே அந்தச் சந்தேகம் எனக்கும் வந்திருந்தது, பார்த்துக்கொள். அவர் தலையை ஆட்டினார். "புத்தகமெல்லாம் இல்ல சார். ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான படுக்காங்க? சின்னவனுக்கு ஒரு கொப்புளம் வெளிய தெரியறதுக்கு முந்தியே மூச்சுக் காத்துல பெரியவனுக்குப் போயிருக்கும். அத யாராலயும் தடுத்திருக்க முடியாது" என்றார். இது முதல் வாக்கியம். அதே மூச்சில் இரண்டாவதையும் சொன்னார். "ஆனா இருமல் ஆரம்பிச்ச அன்னைக்கே கொண்டாந்திருக்கணும். ரெண்டு நாள் தள்ளிட்டீங்க."

தள்ளியது நான். இருமல் வந்த அன்று உன் அம்மா சொன்னாள், "மூச்சு வாங்குதான், ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிருவோம்." அம்மை போட்டிருக்கும்போது ஊசி மருந்து காட்டினால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று உன் பெரியம்மா சொல்லியிருந்தாள். எனக்கு அம்மனிடம் பயமில்லை. உன் பெரியம்மாவிடம் இருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் படித்த திமிரில் செய்தான் என்று சொல்லிவிடுவாள் என்று இருந்தது. "ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்திட்டுப் போவோம்" என்றேன். வெள்ளிக்கிழமை சொன்னேன். ஞாயிறு காலை அவன் உதடு நீலமாக இருந்தது.

டாக்டர் சொன்ன இரண்டு வாக்கியமும் ஒட்டிக்கொண்டே வந்தன. முதல் வாக்கியத்தைக் கூடத்தில் எழுந்து நின்று சொல்லியிருந்தால், வேறென்ன சொன்னார் டாக்டர் என்று யாராவது கேட்டிருப்பார்கள். உன் அம்மா கேட்டிருப்பாள். அதனால் இரண்டையும் சேர்த்து விழுங்கினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள, எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அப்போது இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் செய்தது அதுதான். நாளாக ஆக, சின்னப்பிள்ளை, மறந்திருப்பான் என்று வைத்துக்கொண்டேன். நீ கையைக் கழுவிக்கொண்டே இருந்தாய்.

நேற்று மத்தியானம் உன் அம்மாவிடம் அந்த இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை நான் சொன்னேன்ல?" என்றாள். சொன்னாய் என்றேன். "சொன்னேன்" என்று மறுபடி தனக்கே சொல்லிக்கொண்டாள். இன்று காலை வரை என்னிடம் பேசவில்லை. காலையில் காப்பியை வைத்துவிட்டு, "நமக்குள்ள இருக்கிறத நாம பாத்துக்கிடுவோம். அது எம்புட்டு நாள் ஆவுமோ ஆவட்டும். மொதல்ல அவனுக்கு எழுதி அனுப்புங்க. அப்பம் எட்டு வயசுங்க அவனுக்கு" என்றாள்.

அதனால் கையெழுத்துக்குக் கீழேயும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை நான் பார்த்தேன், பாஸ்கர். உனக்கு இரண்டாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள். நீ சுவரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாய். ரவி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் நிலையில் நின்று, "ஏலே, முடிச்சிட்டியா? தாயேன்" என்றான். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்குண்ணே" என்றாய் நீ. அவன் போகவில்லை. அப்படியே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, அந்த இரண்டு பக்கத்தையும் உன்னோடு சேர்ந்து படித்தான். நான் எட்டிப் பார்த்துவிட்டு, சரி இருக்கட்டும் என்று போய்விட்டேன். அதற்கும் எத்தனையோ நாள் முன்பே அது அவன் மூச்சுக்குள் போயிருந்தது. அந்தப் புத்தகத்தில் ஒன்றுமில்லை. உன் கையிலும் ஒன்றுமில்லை. அண்ணன் கேட்டான், நீ முடித்துவிட்டுக் கொடுத்தாய். அவ்வளவுதான் நடந்தது.

அப்பா